கொம்புல நின்னுபோன பைட்: திஸ்கி கன்வர்ட்டருக்கு தினமும் ஃபஸ்ஸிங் போட்ட அனுபவம்

நானும் காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தனும் சேர்ந்து பல வருஷம் முன்னாடி சி-ல ஒரு சின்ன லைப்ரரி எழுதினோம், திஸ்கின்னு (TSCII) ஒரு பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டு முறை, அதுல இருக்குற ஃபைலை யூனிகோடுக்கு மாத்துறது, அவ்ளோதான் வேலை. யூனிகோட் எல்லா இடத்துலயும் வர்றதுக்கு முன்னாடி இணையத்துல தமிழ்னா திஸ்கி, டாப், டாம், பாமினின்னு ஆளுக்கு ஒண்ணு. 1998-ல ஆரம்பிச்ச மதுரைத் திட்டம் கூட யூனிகோடுக்கு மாறுறதுக்கு முன்னாடி நிறைய மின்னூலை திஸ்கிலதான் போட்டாங்க. அந்தக் காலத்து மடல், கட்டுரை, கதைன்னு இன்னும் எத்தனையோ பேர் ஹார்ட் டிஸ்க்ல தூங்கிட்டு இருக்கு, அதை மீட்டு எடுக்கணும்னு ஆசைப்பட்டு எழுதினது. ஓப்பன் சோர்ஸா போட்டோம், சில பேர் எடுத்து அவங்க சர்வர்லயும் வச்சிக்கிட்டாங்க.

ஒரு நாள் அப்படி யூஸ் பண்ற ஒருத்தர் பக் ரிப்போர்ட் போட்டார். பெரிய ஃபைலை மாத்தினா நடு நடுவுல ஒரு எழுத்து தப்பா வருதாம், "கொடி" இருக்க வேண்டிய இடத்துல "காடி"ன்னு வருது, ஒரு சில சமயம் அதுக்கு முன்னாடி சம்பந்தமே இல்லாத ஒரு எழுத்து வந்து ஒட்டிக்குது, ஆனா அதே ஃபைலை நம்ம கமாண்ட் லைன் டூல்ல போட்டா சரியா வருது. நான் நாலஞ்சு தடவை ட்ரை பண்ணேன், என் மெஷின்ல வரவே இல்ல, அவரோட ஃபைல் கெட்டுப் போயிருக்கும்னு முடிவு பண்ணி அந்த ரிப்போர்ட்டை மூடிட்டேன். அது தப்பு, அதைத்தான் இங்க எழுத வந்தேன்.

ரொம்ப நாள் கழிச்சு ஹார்ட்பிளீட்ங்கற செக்யூரிட்டி ஓட்டை பத்தி திரும்ப படிச்சிட்டு இருந்தேன். 2014 ஏப்ரல்ல வெளிய வந்தது, இணையத்துல டேட்டாவைப் பூட்டி அனுப்புற ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரில ஒரு நீளத்தை சரிபார்க்காம விட்டதால சர்வரோட மெமரியை 64 கேபி வரைக்கும் யார் வேணா எட்டிப் பார்க்கலாம்னு ஆச்சு. அடுத்த வருஷம் ஹன்னோ பாக்னு ஒருத்தர், பக் இருக்குற அந்தப் பழைய வெர்ஷனை எடுத்து ஏஎஃப்எல்ங்கற ஃபஸ்ஸரையும் (தானா கண்ட டேட்டாவைக் குடுத்து சோதிக்கிற டூல்) மெமரித் தப்பைப் பிடிக்கிற அட்ரஸ் சானிடைசரையும் சேர்த்து ஓடவிட்டார், சுமார் 6 மணி நேரத்துல தானா ஹார்ட்பிளீட்ல போய் முட்டுச்சு. ஆறு மணி நேரம்! உலகமே நம்பியிருந்த ஒரு லைப்ரரிக்கு யாராவது ஒரு ராத்திரி இதை ஓடவிட்டிருந்தா போதும். அதைப் படிச்சதும்தான் நம்ம லைப்ரரி ஞாபகம் வந்துச்சு, அதுவும் வெளியில இருந்து வர்ற எந்த ஃபைலையும் வாங்கி முழுங்குற ஐட்டம்தானே.

ஃபஸ்ஸிங்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. புரோகிராமுக்கு கன்னாபின்னான்னு டேட்டாவை லட்சக்கணக்குல குடுத்து எங்க விழுதுன்னு பார்க்குறது. 1988-ல விஸ்கான்சின் யுனிவர்சிட்டி பார்ட்டன் மில்லர், இடி மழை ராத்திரில வீட்டுல இருந்து டயல்-அப்ல வேலை பார்த்துட்டு இருந்தப்ப லைன்ல வந்த குப்பை எழுத்துக்கே யூனிக்ஸ் புரோகிராம்கள் சாய்றதைப் பார்த்து, அதையே கிளாஸ்ல ப்ராஜெக்ட்டா குடுத்தார். பார்த்த யூனிக்ஸ் டூல்கள்ல கால்வாசியில இருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் விழுந்துச்சு, 1990-ல பேப்பரா வந்தது. இப்ப இருக்குற ஃபஸ்ஸர்கள் குருட்டுத்தனமா அடிக்கிறதில்ல. குடுத்த டேட்டா கோடுல எந்த வழியா போச்சுன்னு பார்க்கும், புது வழி திறந்தா அந்த டேட்டாவை எடுத்து வச்சிக்கிட்டு அதுல இருந்து அடுத்ததை செய்யும். ஏஎஃப்எல் எழுதின மிக்கால் சலேவ்ஸ்கி 2014-ல "ஹலோ"ன்னு மட்டும் எழுதின ஒரு ஃபைல்ல ஆரம்பிச்சு, ஜேபெக் படிக்கிற புரோகிராமை ஓடவிட்டு, கடைசில ஃபஸ்ஸரே நிஜமான ஜேபெக் படங்களை உருவாக்குறதைக் காட்டினார். இதைப் படிச்சப்ப எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது.

சரி, வேலைக்கு வருவோம். சி, சி++ன்னா ஈசியான வழி கிளாங் கம்பைலர் கூடவே வர்ற லிப்ஃபஸ்ஸர்ங்கற ஃபஸ்ஸர். நீங்க ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதணும், பேரு மாறக்கூடாது, அதுக்கு ஒரு பைட் பாயிண்ட்டரும் நீளமும் வரும், அதை அப்படியே உங்க லைப்ரரிக்குக் குடுத்து, திரும்பி வந்ததை ஃப்ரீ பண்ணி, பூஜ்யத்தை ரிட்டர்ன் பண்ணிட்டா முடிஞ்சது. இதுக்கு ஹார்னஸ்னு பேரு, என்னோடது எட்டு வரிதான். கம்பைல் பண்றப்ப சானிடைஸ் ஆப்ஷன்ல ஃபஸ்ஸர், அட்ரஸ் ரெண்டையும் போடணும், டீபக் தகவலும் ஆன் பண்ணிக்கணும், எல்எல்விஎம் சிம்பலைசர் இன்ஸ்டால் ஆகியிருக்கான்னு பார்த்துக்கணும், இல்லன்னா க்ராஷ் ஆனா வரி நம்பர் வராம வெறும் அட்ரஸா வரும், அதை வச்சிக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது.

அட்ரஸ் சானிடைசர் இல்லாம ஃபஸ்ஸிங் பண்ணாதீங்க, இதுல நான் ரொம்ப உறுதியா இருக்கேன். மெமரில எல்லை தாண்டி ஒரு பைட் படிச்சா புரோகிராம் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும், ஒண்ணும் தெரியாது. சானிடைசர் நீங்க வாங்குற ஒவ்வொரு மெமரி துண்டுக்கும் ரெண்டு பக்கமும் வேலி போட்டு, வேலியைத் தொட்ட நிமிஷமே நிறுத்தி எந்த வரி, யார் வாங்கின மெமரி, எத்தனை பைட் தாண்டினீங்கன்னு சொல்லும். வேகம் பாதியாக் குறையும், மெமரி அதிகமா சாப்பிடும், பரவால்ல.

ஓடவிட்டேன். ஒரு செகண்ட் கூட ஆகல, ஸ்க்ரீன் பூரா சிவப்பு. ஹீப் பஃபர் ஓவர்ஃப்ளோ, ஒரு பைட் ரீட், அதாவது வாங்கின மெமரியைத் தாண்டி ஒரு பைட் படிச்சிருக்கு. க்ராஷ் ஆன டேட்டாவை ஒரு ஃபைலா எழுதி வச்சிருந்துச்சு, திறந்து பார்த்தா மொத்தமே ஒரு பைட். மதிப்பு 166.

திஸ்கில 166-ன்னா ஒற்றைக் கொம்பு. பார்த்த உடனே எனக்கு அந்தப் பழைய ரிப்போர்ட் பளிச்னு ஞாபகம் வந்துருச்சு.

விஷயம் இதுதான். திஸ்கி கண்ணுக்குத் தெரியற வரிசைல எழுத்தை வைக்கும். "கொ" எழுதணும்னா முதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோட் அப்படி இல்ல, முதல்ல க, அதுக்கப்புறம்தான் ஒகரக் குறி. அதனால நம்ம கன்வர்ட்டர் கொம்பைப் பார்த்ததும் அடுத்த பைட்டை எட்டிப் பார்க்கணும், அது மெய்யா இருந்தா அதுக்கும் அடுத்த பைட் காலான்னு பார்க்கணும், அப்புறம்தான் ஒகரமா எகரமான்னு முடிவு பண்ண முடியும். நான் எட்டிப் பார்த்தேன், ஆனா அங்க பைட் இருக்கான்னு கேட்காம பார்த்தேன். டேட்டா கொம்போட முடிஞ்சா அதுக்கு அடுத்து இருக்குறது அடுத்தவன் வீட்டு மெமரி.

அப்ப என் மெஷின்ல ஏன் வரல? கமாண்ட் லைன் டூல்ல நான் முழு ஃபைலையும் படிச்சு கடைசில ஒரு பூஜ்ய பைட் சேர்த்து வச்சிருந்தேன், எட்டிப் பார்த்தா அந்த பூஜ்யம்தான் கிடைக்கும், அது மெய் இல்ல, விட்ரும். லிப்ஃபஸ்ஸர் அப்படி எல்லாம் சலுகை காட்டாது, சரியா அத்தனை பைட்டுக்கு மட்டும் மெமரி எடுத்து அதுல காப்பி பண்ணித்தான் குடுக்கும். அந்த யூசர்கிட்ட கேட்டப்பதான் தெரிஞ்சது, அவர் ஃபைலை 4096 பைட் துண்டு துண்டாப் படிச்சு ஒவ்வொரு துண்டையும் நம்ம ஃபங்ஷனுக்கு அனுப்புறார். "கொடி"ல கொம்பு ஒரு துண்டோட கடைசில மாட்டி, க-வும் காலும் அடுத்த துண்டுல போயிட்டா என்ன ஆகும்? முதல் துண்டு முடிவுல பக்கத்து மெமரில கிடந்த ஏதோ ஒரு பைட்டைப் படிக்கும், அது தற்செயலா மெய்யெழுத்து நம்பரா இருந்தா அந்த எழுத்தை ஒட்டும். அடுத்த துண்டு கொம்பே இல்லாம "காடி"ன்னு ஆரம்பிக்கும். அவர் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. அவர் சர்வர்ல பல பேர் ஃபைல் போடுறாங்க, ஒருத்தர் ஃபைல்ல இருந்து ஒரு எழுத்து இன்னொருத்தர் ஃபைலுக்குள்ள போயிருக்க முடியும். அளவு சின்னதுதான், ஆனா ஹார்ட்பிளீட்லயும் இதே வகைத் தப்புதான், குடுத்ததைத் தாண்டிப் படிக்கிறது. அவருக்கு எழுதி மன்னிப்புக் கேட்டேன்.

ஃபிக்ஸ் பண்ணேன், அடுத்த பைட் இருக்கான்னு ஒரு செக். திரும்ப ஓடவிட்டா அரை நிமிஷத்துல மறுபடி அதே ஃபங்ஷன், இப்ப டேட்டா ரெண்டு பைட், 166, 184. கொம்பும் க-வும். முதல் எட்டலுக்கு செக் போட்ட நான் ரெண்டாவது எட்டலுக்குப் போடல. அதையும் சரி பண்ணேன். க்ராஷ் ஃபைலைத் தூக்கிப் போடாம டெஸ்ட் ஃபோல்டர்ல பேர் வச்சு சேர்த்துக்கங்க, இந்த ரெண்டு குட்டி ஃபைலும் பின்னாடி என்னைக் காப்பாத்தின கதை கீழ வருது.

அடுத்தது எழுதுறப்ப எல்லை தாண்டுன கேஸ், ரீட் இல்ல, ரைட், இது இன்னும் ஆபத்து. டேட்டா ஒரே பைட், 130. திஸ்கில 130 ஒரே பைட்ல முழு "ஸ்ரீ". யூனிகோட்ல அது ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறின்னு நாலு குறியீடு, யூனிகோடை பைட்டா எழுதுற யூடிஎஃப்-8 முறைல தமிழ்க் குறியீடு ஒவ்வொண்ணும் 3 பைட், ஆக 12 பைட். நான் அவுட்புட்டுக்கு மெமரி எடுத்தது நீளம் பெருக்கல் 6 கூட்டல் 1. கு, கூ, க் மாதிரி ஒரே பைட்ல வர்றதுக்கெல்லாம் ரெண்டு குறியீடு, 6 பைட் போதும்னு கணக்குப் போட்டிருந்தேன், ஸ்ரீ மனசுல வரவே இல்ல. 7 பைட் இடத்துல 13 பைட் எழுதுறோம்.

இத்தனை வருஷம் இது எப்படி மாட்டாம இருந்துச்சுன்னு யோசிச்சேன். நிஜ ஃபைல்ல ஒரு ஸ்ரீ வந்தா பக்கத்துல ஸ்பேஸ், புள்ளி, நியூலைன்னு ஒத்தை பைட்டாப் போறது ஏகப்பட்டது இருக்கும், அதுக்கெல்லாம் 6 பைட் ஒதுக்கி 1 பைட்தான் செலவாகுது, மிச்சத்துல இது அடங்கிரும். குட்டி ஃபைலா இருந்தாலும் 64 பிட் லினக்ஸ்ல ஜிலிப்சியோட (லினக்ஸோட அடிப்படை சி லைப்ரரி) மெமரி குடுக்குற ஃபங்ஷன் மல்லாக், 7 பைட் கேட்டா 24 பைட் வரைக்கும் உபயோகப்படுற துண்டாத்தான் குடுக்கும், அதுல 13 அடங்கிரும். ஆனா ஒருத்தர் வேணும்னே ஆயிரம் ஸ்ரீயை வரிசையா எழுதி அனுப்பினா? 6 ஆயிரம் இருக்குற இடத்துல 12 ஆயிரம், பக்கத்துல இருக்குற மெமரி எல்லாம் காலி. கேரக்டர் செட் மாத்துற கோடுக்கு இது புதுசும் இல்ல. ஜிலிப்சியோட எழுத்துக் குறியீடு மாத்துற ஐகான்வ்லயே சைனீஸ் என்கோடிங் ஒண்ணுல அவுட்புட் பஃபரை அதிகபட்சம் 4 பைட் தாண்டி எழுதுற ஓட்டை 20 வருஷத்துக்கு மேல இருந்து 2024 ஏப்ரல்ல வெளிய வந்துச்சு, ஓட்டைகளுக்குக் குடுக்குற நம்பர்ல சிவிஈ-2024-2961. நாலு பைட்தானேன்னு விட முடியல, அதை வச்சு பிஎச்பி சர்வரையே பிடிக்கலாம்னு காட்டினாங்க.

இதெல்லாம் சரி பண்ணினதும் அன்னிக்கு ராத்திரி முழுக்க ஓடுச்சு, ஒரு க்ராஷும் இல்ல. நிறைய பேர் இங்க நிறுத்திருவாங்க, நானும் நிறுத்தத்தான் பார்த்தேன். ஆனா கோடுல எந்தெந்த வரி ஓடுச்சுன்னு காட்டுற கவரேஜ் ரிப்போர்ட் எடுத்துப் பாருங்க, அதை எடுக்காம "ஃபஸ் பண்ணியாச்சு"ன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல. என் ரிப்போர்ட்ல ஒரு பெரிய பகுதி பூரா சிவப்பு, ஒரு தடவை கூட ஃபஸ்ஸர் அந்தப் பக்கம் போகல. பழைய எச்டிஎம்எல் பக்கமான்னு கண்டுபிடிக்கிற கோடு அது. அப்பல்லாம் திஸ்கி பக்கங்கள்ல மெட்டா டேக்ல கேரக்டர் செட்டுக்கு "எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட்"னு போடுவாங்க, அதைத் தேடி எடுக்குறது. என் ஹார்னஸ்ல அந்த ஆப்ஷனையே நான் ஆன் பண்ணல. நாம கதவைத் திறக்காத ரூமுக்குள்ள ஃபஸ்ஸர் எப்படிப் போகும். டேட்டாவோட முதல் பைட்டை எடுத்து அதை வச்சு ஆப்ஷன்களை ஆன் ஆஃப் பண்ற மாதிரி ஹார்னஸை மாத்தினேன், மெட்டா டேக் வார்த்தைகளை ஒரு டிக்ஷனரி ஃபைல்ல எழுதினேன், பழைய பக்கங்கள்ல இருந்து சின்னச் சின்னத் துண்டா வெட்டி சீட் கார்பஸா, அதாவது ஃபஸ்ஸர் ஆரம்பிக்கிறதுக்கான டேட்டாக் குவியலா வச்சேன். பெரிய ஃபைலை சீடா வைக்காதீங்க, வேகம் செத்துரும், சில நூறு பைட் போதும்.

அந்த ரூமுக்குள்ள ஒரு முடிவில்லாத லூப் இருந்துச்சு. கேரக்டர் செட்டுக்கு அப்புறம் வர்ற மேற்கோள் குறியோட ஃபைல் முடிஞ்சா பாயிண்ட்டர் நகராம அங்கேயே சுத்திட்டு இருக்கும். லிப்ஃபஸ்ஸர்ல டைம்அவுட் டீஃபால்ட் 1200 செகண்ட், அதை 25-க்கு குறைச்சு வச்சிருந்ததால சீக்கிரம் தெரிஞ்சது. ஒரு சின்ன ஃபைலை அனுப்பி ஒரு சர்வரோட சிபியு முழுசையும் பிடிச்சு வைக்கலாம்னா அதுவும் செக்யூரிட்டி ஓட்டைதான்.

இனி "கன்டின்யூவஸ்". முக்கியமான ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டுகளுக்கு கூகுள் 2016 டிசம்பர்ல ஓஎஸ்எஸ்-ஃபஸ் ஆரம்பிச்சாங்க. நீங்க டாக்கர் ஃபைல், பில்ட் ஸ்க்ரிப்ட், ப்ராஜெக்ட் விவரம்னு மூணு ஃபைல் குடுத்தா அவங்க மெஷின்ல ராத்திரி பகல் ஓட்டி, பக் வந்தா உங்களுக்கு மட்டும் ரகசியமா சொல்லி, சரி பண்ண 90 நாள் டைம் குடுப்பாங்க. ஆரம்பிச்ச புதுசுலயே ஃப்ரீடைப் ஃபான்ட் லைப்ரரில பக் நுழைஞ்ச சில மணி நேரத்துல பிடிச்சாங்க, 2025 மே வரைக்கும் 1000 ப்ராஜெக்ட்ல 13,000 செக்யூரிட்டி ஓட்டையும் 50,000 பக்கும் சரியாக உதவியிருக்கு. ஆனா அதுல சேரணும்னா நிறைய பேர் யூஸ் பண்ற ப்ராஜெக்ட்டா இருக்கணும், நம்மது அந்த அளவுக்கு இல்ல. அதனால அதே செட்டப்போட சின்ன வடிவம் கிளஸ்டர்ஃபஸ்லைட்டை எடுத்தேன், 2021-ல வந்தது, கோடை வச்சிருக்குற கிட்ஹப் தளத்தோட ஆக்ஷன்ஸ்லயே தானா ஓடும். அதே மூணு ஃபைல்தான். ரெண்டு விதமா செட் பண்ணேன்: யாராவது புல் ரிக்வெஸ்ட் (கோடுல இந்த மாத்தத்தை சேர்த்துக்கங்கன்னு கேட்கிறது) போட்டா 600 செகண்ட், அது போக தினமும் ராத்திரி நீளமா ஒரு ஓட்டம். சேர்ற கார்பஸை தனி ரெப்போல வச்சேன், ஒவ்வொரு நாளும் முதல்ல இருந்து ஆரம்பிக்காம நேத்து விட்ட இடத்துல இருந்து போகும், இது ரொம்ப முக்கியம். பில்ட் ஸ்க்ரிப்ட்ல ஒரு சிக்கல்ல அரை நாள் போச்சு, நம்ம மேக்ஃபைல் கம்பைலர் ஃப்ளாகை தானே எழுதிக்கிச்சு, வெளியில இருந்து வர்ற சானிடைசர் ஃப்ளாக் எல்லாம் அடிபட்டுப் போச்சு, ஃபஸ்ஸர் ஓடுற மாதிரியே தெரியும் ஆனா ஒண்ணையும் பிடிக்காது. பழைய பக்கை வேணும்னே திரும்ப வச்சு, பிடிக்குதான்னு பார்த்துட்டுத்தான் நம்பினேன். எல்லாரும் இதைப் பண்ணுங்க.

இது எதுக்கு தினமும்னு கேட்டவங்களுக்கு ஒரு சம்பவம். ஒரு மாணவர் நல்ல புல் ரிக்வெஸ்ட் ஒண்ணு அனுப்பினார், டேட்டால வெறும் ஆங்கிலமா இருக்குற பகுதியை எட்டு எட்டு பைட்டா தாண்டிப் போற ஐடியா, வேகம் நிஜமாவே கூடுச்சு. நான் வரி வரியாப் படிச்சேன், எல்லா டெஸ்ட்டும் பச்சை, மெர்ஜ் பட்டன் மேல கை வைக்கிற நேரம். ஃபஸ் ஜாப் சிவப்பு. லூப்ல "நீளம் கழித்தல் 8"ன்னு ஒரு இடம், நீளம் சைன் இல்லாத டைப், 8-க்கு கம்மியா இருந்தா கழிச்சா மைனஸ் வராது, பிரம்மாண்டமான நம்பர் வரும், ஒரு பைட் டேட்டாக்கு எட்டு பைட் படிக்கும். புதுசா தேட வேண்டிய அவசியமே வரல, கார்பஸை லோட் பண்றப்பவே அந்த 166 ஒத்தை பைட் ஃபைல்ல விழுந்துருச்சு. அதே ஃபைல் சாதாரண டெஸ்ட்டுலயும் இருந்துச்சு, அங்க பாஸ். சானிடைசர் இல்லாததால எல்லை தாண்டிப் படிச்சதை யாரும் கேட்கல, 166 ஆங்கிலம் இல்லைங்கறதால லூப்பும் உடனே வெளிய வந்துருச்சு. அந்த மாணவர் பத்து நிமிஷத்துல சரி பண்ணி அனுப்பினார், சந்தோஷமா சேர்த்தேன்.

ஃபஸ்ஸிங் பண்ணா போதும், எல்லாம் பத்திரம்னு நான் சொல்லல. வெப்பி படங்களைப் படிக்கிற லிப்வெப்பி பல வருஷமா ஓஎஸ்எஸ்-ஃபஸ்ல ஓடிட்டு இருந்த லைப்ரரி, அப்படியும் 2023 செப்டம்பர்ல அதோட ஹஃப்மேன் டேபிள்ல (படத்தோட சுருக்கத்தை விரிக்க வச்சிருக்குற அட்டவணை) சிவிஈ-2023-4863 வந்துச்சு, பெரிய பிரவுசர் எல்லாம் அவசரமா அப்டேட் விட்டாங்க. அந்த டேபிள் நிரம்பி வழியணும்னா பைட்டுகள் ஒண்ணுக்கொண்ணு ரொம்ப நுணுக்கமாப் பொருந்தி வரணும், கோடுல புது வழி எதுவும் திறக்காததால ஃபஸ்ஸருக்கு நெருங்குறோம்னே தெரியாது. எக்ஸ்இசட்ங்கற ஃபைல் சுருக்குற டூல்ல பின்கதவு வச்ச விவகாரத்துல, அந்த ஆள் 2023-லயே ஓஎஸ்எஸ்-ஃபஸ் செட்டிங்ல ஒரு விஷயத்தை ஆஃப் பண்ற மாதிரி மாத்தம் அனுப்பி அதுவும் சேர்ந்துருச்சு. அதனால ஃபஸ் ஃபோல்டர்ல யாராவது கை வச்சா இப்ப நான் கோடை விட கவனமாப் படிக்கிறேன்.

அந்த 4096 துண்டு விஷயத்துக்கு செக் போட்டா மட்டும் போதாது, கொம்பை ஞாபகம் வச்சிக்கிட்டு அடுத்த துண்டு வர்ற வரைக்கும் காத்திருக்கணும், ஜிலிப்சியோட திஸ்கி கன்வர்ட்டர் அப்படித்தான் பண்ணுது. அதுக்குப் புது ஃபங்ஷன் எழுதி, அதுக்குன்னு ரெண்டாவது ஹார்னஸும் எழுதினேன். இது க்ராஷை மட்டும் தேடல. வர்ற டேட்டாவை ஒரு தடவை முழுசா மாத்துது, இன்னொரு தடவை கண்ட இடத்துல வெட்டி துண்டு துண்டா மாத்துது, ரெண்டு அவுட்புட்டும் ஒரு பைட் மாறினாலும் தானே க்ராஷ் ஆகிக்கும். முதல் நாளே ஒண்ணு மாட்டுச்சு: கொம்பும் மெய்யும் முதல் துண்டுல முடிஞ்சு, கால் மட்டும் அடுத்த துண்டுல தனியா வந்தா "கெ"ன்னு எழுதிட்டு காலைத் தனியா ஒட்டுறோம், ஒகரமா சேரல. சரி பண்ணி புது ரிலீஸ் விட்டேன், அந்த யூசர் பழைய ஃபைல்களை எல்லாம் திரும்ப மாத்திப் பார்த்து "கொடி சரியா வருதுங்க"ன்னு ஒரு வரி எழுதினார், அந்த ரிப்போர்ட்டை இந்தத் தடவை அவரே மூடினார்.

யூனிகோட்ல இருந்து திஸ்கிக்குப் போற திசைக்கு இன்னும் ஹார்னஸ் இல்ல, கவரேஜ்ல அந்த ஃபைல் முழுக்க சிவப்பாத்தான் இருக்கு, இந்த சனி ஞாயிறு அதுல உட்காரப் போறேன்.